பழைய சிவிக்குக்கு டர்போவா, நைட்ரஸா?

அமெரிக்காவில் விற்ற 1996–2000 ஹோண்டா சிவிக் இஎக்ஸ் (1.6 லிட்டர், 127 குதிரைத்திறன்) வைத்திருப்பவர்கள், டர்போ (வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி), நைட்ரஸ் (பாட்டிலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு) என எதையும் வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) எடுங்கள், ஒரு சிலிண்டர் மட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டினால் இரண்டுமே வேண்டாம். எஞ்சின் நன்றாக இருந்து, எப்போதாவது டிராக் ஸ்டிரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயப் பாதையில்) ஓட்டத்தான் என்றால், கூடுதலாக 50 குதிரைத்திறன் தரும் வெட் கிட் நைட்ரஸ் போதும், அது பெட்ரோலையும் சேர்த்தே தெளிப்பதால் கலவையில் எரிபொருள் குறைந்துபோகாது. முழு திராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது), 3000 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டுமே திறக்கும்படி சுவிட்ச் வையுங்கள், ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும்) ஸ்பார்க் பிளக்கும் போடுங்கள்.

தினமும் வேகம் வேண்டுமா, சரி, டர்போதான். பாட்டில் நிரப்ப அலைய வேண்டாம். ஆனால் பெரிய இன்ஜெக்டர் (எரிபொருள் தெளிப்பான்), இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது), ஈசியூ (எஞ்சினின் கணினி) டியூனிங் எல்லாவற்றுக்கும் பணம் சேரும்வரை டர்போ கிட்டைத் தொடவே தொடாதீர்கள், டியூனிங் இல்லாமல் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றினால் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும்.