பூனை அணிலைப் பிடிக்கிறதா? நாய் கோழியைத் துரத்துகிறதா?

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கை மரம், அதில் எந்நேரமும் அணில். பூனை அதில் ஒன்றைக் கவ்விவந்து சமையல்கட்டு வாசலில் போடும், அம்மா விளக்குமாற்றோடு ஓடிவருவார். அடித்ததில் நடந்தது ஒன்றே ஒன்று: அடுத்த அணிலை அது பீரோவுக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்துவைத்தது, மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் எங்களுக்குத் தெரிந்தது.

வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அதனால் இன்னும் ஒரு கிண்ணம் தயிர்சாதம் வைத்தால் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். பூனைக்கு வேண்டியது இறைச்சி. இங்கிலாந்தில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், தானியம் இல்லாமல் இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகளில் பூனைகள் கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது, தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதில் 25 சதவீதம். கழுத்தில் மணி கட்டியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம்.

விளையாட்டுக்கு ஒரு குச்சி, கயிறு, நுனியில் இறகு போதும். அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையைத் தேடி வராது. விலகி ஓடவிடுங்கள், கதவிடுக்கில் மறையுங்கள், கடைசியில் பிடிக்கவிட்டு உடனே சாப்பாடு வையுங்கள். லேசர் விளக்கு வேண்டாம், அதில் பிடிபட ஒன்றுமே இல்லாததால் பூனைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். கயிற்றை மறக்காமல் எடுத்துவையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் பூனையை உள்ளே வைத்தாலே பல பறவைகள் தப்பிக்கும்.

நாய்க் கதை வேறு. எங்களுடையது சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென்றே தெற்கத்தியில் வளர்த்த இனம், பக்கத்துவீட்டு நாட்டுக்கோழியைத் துரத்தியதில் 600 ரூபாய் போனது. ஓட ஆரம்பித்த பிறகு எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. அதற்கு முன்னால் உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, பார்வை ஒரே இடத்தில் நிற்கும் பாருங்கள், அந்த ஓரிரண்டு நொடிதான் நம்முடையது. அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், திரும்பினால் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். முதலில் வீட்டுக்குள், அப்புறம் மொட்டைமாடியில், நன்றாகப் பழகிய பிறகு பாலாற்று மணலில், தூரத்தில் ஆடு மேயும்போது. கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் 10 மீட்டர் கயிறு கட்டுங்கள். மறந்து ஆட்டுக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான். சித்திரை வெயிலில் இதையெல்லாம் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், நம்ம ஊர் மணல் காலைச் சுட்டுவிடும்.

எலி மருந்து வைக்கும் தெருவாக இருந்தால் கூடுதல் கவனம். செத்த எலியைத் தின்றது தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், சில மருந்துகளில் ரத்தக்கசிவு சில நாள் கழித்துத்தான் தெரியவரும். மலையடிவாரப் புதர்ப் பக்கம் கயிற்றை அவிழ்க்கவே கூடாது, கண்ணாடி விரியன் இருக்கலாம்.

எங்கள் பூனை இப்போது அணிலை அபூர்வமாகத்தான் பிடிக்கிறது. பல்லி மட்டும் அப்பப்போ மாட்டுகிறது, அதை நான் கண்டுகொள்வதில்லை.