சின்னப் பிள்ளை என்று சோறு கூட்டும் முன் அளந்து பாருங்கள்

என் மகன் வகுப்பிலேயே குட்டையானவன். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யார் பார்த்தாலும் "டீச்சர், பிள்ளைக்கு நல்லா சாப்பாடு குடுங்க, வளரவே இல்லையே" என்பார்கள். நானும் பால்மா, பனிஸ், இரவில் இன்னொரு ரொட்டி என்று கூட்டிக்கொண்டே போனேன். பத்தாவது பிறந்தநாள் அன்று இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், சுவரோடு நிறுத்தி ஒழுங்காக அளந்தேன். உயரம் 122 சென்டிமீட்டர், எடை 30 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தால், உயரத்தில் பின்தங்கிய அதே பிள்ளை எடையில் அளவுக்கு மேல் இருந்தான். இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பயம் எப்போதும் பிள்ளை மெலிவதையும் வளராமல் போவதையும் பற்றியது. அதில் நியாயமும் உண்டு. 2016ஆம் ஆண்டு இலங்கையின் நாடளாவிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். ஆனால் உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 1990இல் 5 முதல் 19 வயதினரில் 8 சதவீதத்தினருக்குத்தான் எடை கூடுதலாக இருந்தது. 2022இல் அது 20 சதவீதம். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடற்பருமன். உலக அளவில் பள்ளி வயதில் எடை குறைந்தவர்களை விட உடற்பருமன் உள்ளவர்கள் கூடிவிட்டார்கள் என்று 2025இல் யுனிசெப் சொன்னது. தெற்காசியாவில் இன்னும் அந்த நிலை வரவில்லை. ஆனாலும் ஒரே லயத்தில், ஒரே பிள்ளையிடத்தில்கூட உயரக் குறைவும் கூடுதல் எடையும் சேர்ந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

சரி, அளப்பது எப்படி? சப்பாத்து, தொப்பி, தடித்த ஸ்வெட்டர் எல்லாம் கழற்ற வேண்டும். பெண்பிள்ளை என்றால் உச்சிக் கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படட்டும், பார்வை நேராக இருக்கட்டும். தலையில் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி மட்டமாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு தரையிலிருந்து கோடு வரை டேப்பால் அளக்கலாம். எங்கள் இஸ்தோப்புத் தரை சரிவு என்பதால் மட்டமான மூலையாகத் தேடி நிறுத்தினேன். இரண்டு தடவை அளந்து பாருங்கள். எடைக்கு வீட்டில் தராசு இல்லாவிட்டால் கிளினிக் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்கலாம்.

கணக்கு இலேசானது. எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்க வேண்டும். உயரம் மீட்டரில் இருக்க வேண்டும். என் மகனுக்கு 30-ஐ 1.22 ஆல் இரண்டு தடவை வகுத்தால் 20.2 வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி சரியாகப் பத்து வயதான ஆண்பிள்ளைக்கு 18.5-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 21.4-க்கு மேல் உடற்பருமன், 13.7-க்குக் கீழ் என்றால் மெலிவு. அதே வயதுப் பெண்பிள்ளைக்கு 19-க்கு மேல் கூடுதல் எடை, 22.6-க்கு மேல் உடற்பருமன். வயதுக்கு வயது இந்த எல்லை மாறும். பெரியவர்களுக்குச் சொல்லும் 25, 30 என்ற கணக்கைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்த்தால் தவறாகத்தான் வரும்.

கணக்கைப் பார்த்ததும் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். மறுநாளே அவனுடைய இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். இரண்டு வாரம் கழித்து மெத்தையைத் தூக்கி உதறியபோது கீழே பிஸ்கட் கவர்கள் நசுங்கிக் கிடந்தன, ஏழோ எட்டோ. பசியில் ஒளித்துத் தின்றிருக்கிறான். அன்றைக்கு நான் அழுதேன். வளர்கிற பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்கக் கூடாது. எடை ஏறாமல் பிடித்து வைத்திருந்தால் போதும், உயரம் கூடக் கூட அது சரியாகி வரும். "குண்டு" என்ற சொல்லையும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

குறைக்க வேண்டியது சீனி. நம் வீடுகளில் அது தேத்தண்ணியில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க பிள்ளையின் ஒவ்வொரு கோப்பைக்கும் போடுகிற அளவு சீனியை ஒரு வெறும் போத்தலிலும் போட்டு வாருங்கள். மூன்று தேக்கரண்டி வீதம் நான்கு கோப்பை என்றால் அதுவே 50 கிராம் அளவுக்கு வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவு கூடாது. நான் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன், நாக்கு பழகிக்கொண்டது. இப்போது பள்ளி விட்டு வந்ததும் சாயத்தண்ணிக்குப் பதில் தண்ணீர், அவித்த கடலை, இல்லாவிட்டால் பயறு. கடையில் பானம் வாங்கினால் போத்தலில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. இந்த அடையாளம் 2016 முதல் நம் நாட்டில் இருக்கிறது.

ரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. மாவு ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் வயிறு நிறையும், வளர்த்தி வராது. உயரம் குறைந்த பிள்ளைக்கு வேண்டியது முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை. ரொட்டி ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு முட்டை வையுங்கள். கோவா, கரட், போஞ்சி நம் மலையிலேயே விளைகிறதே, அவை ஏன் டவுனுக்கு மட்டும் போக வேண்டும்?

ஓடியாட நாளுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். மழைக்காலத்தில் கஷ்டம்தான். நாங்கள் பள்ளி வேனிலிருந்து ஃபெக்டரிச் சந்தியிலேயே இறங்கி லயம் வரை படியேறி வருகிறோம், அது இருபது நிமிடம். மழை நாளில் இஸ்தோப்பில் கயிறு பாய்கிறான்.

இன்னொன்று முக்கியம். பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று நினைத்துத் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அதுவோ, இரவில் பெரிய குறட்டையோ, முழங்கால் வலியோ கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது உயரமும் எடையும் திகதியோடு எழுதிய கொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதியிருந்தால் டொக்டருக்குப் பார்த்ததும் விளங்கும்.