கேமிங் கணினி மேம்பாடு: கார்டு விலையோடு முடியாத கணக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில், கன்னியாகுமரி மாவட்டக் களியக்காவிளையில் இருப்பவருக்குக் கணினி பாகம் வாங்க இரண்டு திசைகள் உண்டு: மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில், பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம். எந்தப் பக்கம் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது, "எவ்வளவு ரூபாயில் கிராபிக்ஸ் கார்டு பார்க்கிறீர்கள்?" என்பதுதான். "வீட்டில் என்ன மானிட்டர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவரை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

விளையாட்டின் காட்சியை உருவாக்கும் இந்தக் கார்டில் தொடங்குவதே முதல் தவறு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு நொடிக்கு 140 பிரேம்களை, அதாவது படங்களை, உருவாக்கினாலும் திரை அத்தனையையும் காட்டாது. மவுஸ் அசைவுக்குக் காட்சி சற்று விரைந்து வரும் சிறு ஆதாயம் உண்டு. மற்றபடி கொடுத்த பணத்துக்குச் சூடுதான் மிச்சம். 1080பி திரையில் உள்ள புள்ளிகள் சுமார் 20.7 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். நான்கு மடங்கு வேலைக்கான கார்டைச் சிறிய திரையோடு இணைத்துவிட்டுப் பெருமைப்படுபவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை.

எது தடுக்கிறது என்று பார்க்காமலே வாங்குவது அடுத்தது. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. விளையாட்டின் ரெசல்யூஷனை, அதாவது காட்சியின் புள்ளி எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், திணறுவது கார்டு. அசையவே இல்லையென்றால் தடை பெரும்பாலும் ப்ராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது; எத்தனை ஆயிரம் கொடுத்துக் கார்டை மாற்றினாலும் அதே திக்கல் தொடரும். முதலில் சரியாக ஓடிவிட்டுச் சிறிது நேரம் கழித்து வேகம் விழுந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். தூசியைத் துடைத்து, சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றிய பிறகு சிலருக்குக் கார்டு வாங்கும் எண்ணமே போய்விடும்.

உண்மையான பணவிரயம் சங்கிலியாக வருவது. ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். புதிய கார்டு வாங்கியாயிற்று. பழைய, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) அதைத் தாங்காது, அதையும் மாற்றுகிறோம். இப்போது ப்ராசஸர் பின்தங்குகிறது. எட்டாம் தலைமுறைக்கும் ப்ராசஸர் பொருந்தும் சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151தானே என்று வாங்கினால், பழைய மதர்போர்டில் அது இயங்காது. ஆக, மதர்போர்டும் மாற வேண்டும். இன்னும் புதிய தலைமுறைக்கே போய், மதர்போர்டு டிடிஆர்5 என்ற புதிய ரேம் வகைக்கானது என்றால் பழைய ரேம் அதில் பொருந்தாது. 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது வேறு. கார்டில் தொடங்கியவர் கடைசியில் கேபினட்டைத் தவிர எல்லாவற்றையும் வாங்கியிருப்பார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையில் அநேகமாக எந்த ப்ராசஸரும் விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. அந்தக் கணினியில் பணம் போடுவதைவிட, சேர்த்து வைத்து முழுதாக மாற்றுவதே என் கட்சி.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு வைத்திருப்பவர் நிலை வேறு. 2018இல் வந்த பி450 வகை மதர்போர்டு பலவற்றில் 2022இல் வந்த ரைசன் 5 5600 ப்ராசஸரைப் பொருத்தலாம், ரேமும் அதேதான். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் வேலையை மட்டும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். மலிவான கார்டு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை மட்டும் இதில் பொருத்தாதீர்கள். கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பிசிஐஇ பாதைகளில் அது நான்கை மட்டுமே பயன்படுத்துவது. பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும்.

ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி நல்ல பொருள். விளையாட்டு திறக்கும் நேரம் குறையும். பிரேம் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லை தாண்டினால் விலை குறையும் என்ற நம்பிக்கை வாட் வரிக் காலத்து மிச்சம். 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி இரு மாநிலங்களிலும் ஒன்றுதான். கணினி பாகங்களுக்கு 18 சதவீதம். வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பில் தராததில் இருக்கும். பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாவது வரி. பழுதானால் வாரன்டி கேட்டு நிற்க உங்கள் கையில் சான்று இருக்காது. பழைய கார்டு வாங்குபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் 'சுரங்க' முறையைக் கைவிட்டதும் அந்த வேலையில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் செலவுக் கணக்கில் மழையையும் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை போனால் ஐப்பசி மழை. ஐப்பசியில் மாலை நேர இடியும் சேர்ந்து வரும். எர்த்திங் சரியில்லாத வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டும் ஒரே மாலையில் போய்விடலாம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தரும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் இழுக்கும். ப்ராசஸரும் மானிட்டரும் சேரும்போது, மின்சாரம் போன கணமே யுபிஎஸ்ஸும் கைவிரித்துவிடலாம். இடி தொடங்கியதும் பவர் பிளக்கைப் பிடுங்குபவர்கள் இணைய இணைப்புக்கான லேன் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மதர்போர்டுக்கு மின்னல் வரும் வழிகளில் அதுவும் ஒன்று, அதையும் கழற்றிவிடுங்கள்.