புரோகிரசிவ் ராக் பாட்டுக்கு மார்க் போடுவது எப்படி? காரைக்குடியில் நாங்கள் செய்யும் முறை

பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்றைக் கேட்டு முடித்ததும் "செமையா இருக்கு, பத்துக்கு ஒன்பது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், அந்த ஒன்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த இடம் செம, எந்த நிமிடத்தில் மனம் விலகியது, எங்கே திரும்ப உள்ளே இழுத்தது, இதெல்லாம் தெரிந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இருக்கும் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பழைய வீட்டில் கூடி இப்படித்தான் கேட்கிறோம். புராக் ராக், அதாவது நீளமான பாட்டுகளும் மாறிக்கொண்டே இருக்கும் தாளங்களுமாக வரும் இந்த புரோகிரசிவ் ராக் இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள், நண்பர்களோடு சேர்ந்து மதிப்பிட்டுப் பேச ஆசை என்றால் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: ஆட்கள்

நாலு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச நேரம் கிடைக்காது. இசை தெரிந்தவர்கள்தான் வர வேண்டும் என்று இல்லை, ஆனால் ஒருவராவது தாளம் போடத் தெரிந்தவராக இருந்தால் பெரிய உதவி. காரைக்குடி என்றால் வீணை சகோதரர்களின் ஊர், இங்கே தெருவுக்கு ஒருவராவது பாட்டோ வீணையோ கற்றவர் கிடைப்பார், அவரைக் கூப்பிடுங்கள். ராக் பிடிக்காது என்று சொன்னாலும் கூப்பிடுங்கள்.

படி 2: அறை

இதில்தான் செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட ஆசையாகத்தான் இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி மாதிரி மழமழவென்று பூசிய சுண்ணாம்புச் சுவர், மேலே உயரமான கூரை. ஒலி எங்கே போய் விழுந்தாலும் திரும்பி வரும். மெல்லிசைக்கு அது கொஞ்சம் நன்றாகக்கூட இருக்கும். ட்ரம்ஸ், பாஸ், கீபோர்டு, கிட்டார் நாலும் ஆளுக்கொரு கணக்கில் போகும் இசையில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும், "இரைச்சலா இருக்கு" என்று புதியவர்கள் சொல்வதில் பாதி அந்த அறையின் இரைச்சல்தான்.

அறைக்குள் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அதே இடத்தில் நின்றால் நல்ல அறை, நீண்டு கணகணவென்று போனால் வேறு அறை பாருங்கள். நாங்கள் வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய ஓர் உள்ளறையைப் பிடித்துக்கொண்டோம். அங்கே மெத்தைகள், துணி மூட்டைகள், மரப்பெட்டிகள் எல்லாம் அடுக்கிக் கிடக்கின்றன, அவையே எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள், கோரைப் பாய் பத்தாது. அந்த வீட்டு ஆச்சி முதல் நாள் "பட்டாலை இவ்வளவு பெருசா கெடக்கு, ஏன்ப்பா இந்த இருட்டு அறையில போய் உட்காருறீங்க" என்று கேட்டார், இரண்டு இடத்திலும் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டியதும் அவருக்கே வித்தியாசம் புரிந்துவிட்டது.

ஸ்பீக்கர் இரண்டு வேண்டும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கைக்கு அடக்கமான ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்த இசையின் பாதி காணாமல் போய்விடும்.

படி 3: முதல் மூன்று பாட்டு

1970-களில் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் நல்ல தரத்தில் அடங்கும், அதனால் அந்தக் கால புராக் இசைக்குழுக்கள் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொண்டன. 1971-இல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்', 1972-இல் வந்த யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இரண்டும் அப்படித்தான். ஜெத்ரோ டல் அதே 1972-இல் 'திக் ஆஸ் எ பிரிக்' என்று இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டாக்கியது. இவற்றை முதல் வாரமே எடுக்காதீர்கள், அவசரம் இல்லை. நான் சொல்லும் வரிசை இது.

முதலில் பிங்க் ஃப்ளாய்டின் 'மனி', 1973. கல்லாப்பெட்டி, காசு, காகிதம் கிழிபடும் ஒலி எல்லாம் சேர்ந்து ஏழு எண்ணிக்கையில் சுழன்று சுழன்று வரும், அப்புறம் பாஸ் கிட்டார் அதே ஏழில் நுழையும். எல்லோரும் கையில் எண்ணுங்கள். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு ஏழு என்பது புதிதல்ல, ஆனால் சாபுவின் ஓட்டம் இதில் இருக்காது, நிதானமாக ஒவ்வொரு எண்ணும் அழுத்தமாக விழும். மூன்றும் நாலுமாகப் பிரிப்பதா, நாலும் மூன்றுமாகப் பிரிப்பதா என்று உங்கள் குழுவில் கட்டாயம் ஒரு விவாதம் வரும், வரட்டும். சாக்ஸஃபோன் தனி வாசிப்பு ஏழிலேயே போகும். அது முடிந்து கிட்டார் தொடங்கும் இடத்தில் எண்ணிக்கொண்டிருக்கும் கை சட்டென்று தடுமாறும் பாருங்கள், ஏனென்றால் அங்கே பாட்டு நாலுக்கு மாறிவிடுகிறது. பிறகு மறுபடி ஏழு. இந்த ஒரு மாற்றத்தைக் கை உணர்ந்துவிட்டால் புராக் கேட்கும் காது உங்களுக்கு வந்துவிட்டது என்றே சொல்வேன்.

இரண்டாவது, ஜெனிசிஸ் குழுவின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்', அதுவும் 1973. டோனி பேங்க்ஸின் பியானோவில் தொடங்கும். நடுவில் புல்லாங்குழலில் ஒரு மெட்டு வரும், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டார் அதே மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நீட்டி விரித்துக்கொண்டு போகும். எங்கள் குழுவில் வீணை வாசிக்கும் ஒருவர் இந்த இடத்துக்கு மட்டும் தனியாகப் பத்து கொடுத்தார்.

மூன்றாவது கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்', 1974. இதைப் பற்றிக் கீழே பேசுகிறேன்.

படி 4: எந்தப் பதிப்பு என்று முதலில் பேசிவிடுங்கள்

இதைச் செய்யாமல் மார்க் போட்டால் ஆளுக்கொரு பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். யெஸ் குழுவின் 'ரவுண்டபௌட்' எட்டரை நிமிடப் பாட்டு, வானொலிக்காக மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவமும் இருக்கிறது. 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டை 1977-இல் வந்த ஜெனிசிஸின் மேடைப் பதிவில் கேட்டால் அந்தப் பியானோத் தொடக்கமே இருக்காது. பழைய ஆல்பங்கள் பலவற்றை ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார், அதாவது கருவிகளின் ஒலி அளவைப் புதிதாகச் சமன் செய்திருக்கிறார், அதில் கருவிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். எதைக் கேட்டாலும் சரி, எல்லோரும் ஒன்றையே கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு கலந்து ஒலிக்கும் வசதி, வரிசை கலைத்துப் போடும் வசதி இரண்டையும் ஆப்பில் அணைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: இரண்டு தடவை கேட்பது

முதல் தடவை எதுவும் எழுத வேண்டாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். பணியாரம், டீ எல்லாம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், தட்டுச் சத்தம் இந்த இசைக்கு ஆகவே ஆகாது.

இரண்டாம் தடவை கையில் பேப்பர், எதிரே ஓடும் நிமிடக் கணக்கு. ஏதாவது மாறும் இடம் வந்தால் நிமிடத்தை எழுதி அதன் பக்கத்தில் இரண்டே வார்த்தை. "4.20, குரல் நின்றது." "9.10, வேகம்." அழகாக எழுத முயல வேண்டாம், எழுதுகிற நேரத்தில் பாட்டு போய்விடும்.

படி 6: மார்க்

மெட்டு, வாசிப்பு, கட்டமைப்பு, வரிகள் என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து, கூட்டி நாலால் வகுத்தால் பாட்டின் மார்க். ஐந்தாவதாக 'மனசு' என்று ஒரு கட்டம் தனியாக இருக்கட்டும், அதை மற்ற நாலோடு கூட்டக்கூடாது. வாசிப்புக்குப் பத்து கொடுத்தவர் மனசுக்கு ஐந்து கொடுக்கலாம், அந்த இடைவெளியில்தான் பேசுவதற்கு நிறைய இருக்கும். பாடல் வரியே இல்லாத இசை என்றால் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு மூன்றால் வகுங்கள், சைபர் போடாதீர்கள். டொராண்டோ விமான நிலையக் குறியீட்டை மோர்ஸ் சங்கேதத் தாளமாகவே வாசித்துத் தொடங்கும் ரஷ் குழுவின் 'ஒய் ஒய் ஸீ' மாதிரி ஒன்றுக்கு வரி இல்லை என்று மார்க்கைக் குறைப்பது அநியாயம்.

முக்கியமான விஷயம், பேசுவதற்கு முன் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் வயதில் மூத்தவர் ஒன்பது என்று முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் நாலு என்று சொல்லத் தயங்குவார்கள், அது மரியாதை, அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் சீட்டு முதலில், பேச்சு பிறகு. பேசும்போதும் வயதில் சிறியவர்தான் தொடங்க வேண்டும்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து பேரும் ஏழு கொடுத்தாலும் சராசரி ஏழு. 10, 10, 8, 4, 3 என்று விழுந்தாலும் சராசரி அதே ஏழுதான். முதல் பாட்டைப் பற்றி ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம், இரண்டாவதற்கு அந்தச் சாயங்காலம் முழுவதையும் ஒதுக்குங்கள். நோட்டில் சராசரியோடு அதிகபட்சமும் குறைந்தபட்சமும் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான்.

படி 7: பேச்சு

1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் ஊர் இது. இங்கே கம்பனைப் பற்றி ஒருவர் ஒன்று சொன்னால் அடுத்தவர் "பாட்டைச் சொல்லுங்க" என்று கேட்பார். நாங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டோம், பாட்டுக்குப் பதில் நிமிடம். போர், மொக்கை, வேற லெவல் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கூடவே எந்த நிமிடம் என்றும் சொல்ல வேண்டும்.

'ஸ்டார்லெஸ்' வைத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். பாட்டு பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும். முதல் நாலு நிமிடத்துக்கு மேல் உருக்கமான குரல், அப்புறம் குரல் நின்றுவிடும், பாஸ் ஒரு கனத்த சுழற்சியைத் தொடங்கும், அதன் மேல் ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டார் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும். கல்லூரியில் படிக்கும் தம்பி கட்டமைப்புக்கு நாலு போட்டிருந்தான்.

"அண்ணே, நாலரைல இருந்து ஒம்போது நிமிஷம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கலையே?"

"கிட்டாரை விட்டுருடா தம்பி. அந்த இடத்துல ட்ரம்ஸை மட்டும் கேளு."

அந்தப் பகுதியை மட்டும் மறுபடி போட்டோம். முதலில் மரக்கட்டையில் தட்டுவது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒலிகள், பிறகு பில் ப்ரூஃபோர்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குகிறார், கிட்டாரின் சுரமும் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது, பதின்மூன்று எண்ணிக்கை என்பதால் எண்ணுகிற கைக்கு எங்கேயும் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஒன்பது நிமிடம் தாண்டி அத்தனையும் உடைந்து வேகமெடுக்கிறது, கடைசியில் தொடக்கத்து மெட்டு திரும்பி வருகிறது. தம்பி நாலை அடித்துவிட்டு எட்டு போட்டான், மனசுக் கட்டத்தில் மட்டும் ஐந்தை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது.

படி 8: நோட்டு

ஒரு நீள நோட்டு போதும். பாட்டு, பதிப்பு, தேதி, ஆளுக்கான மார்க், குறித்த நிமிடங்கள். பக்கத்தில் ஒரு காலியான கட்டம் விட்டு வையுங்கள், சில மாதம் கழித்து அதே பாட்டை மறுபடி கேட்டு அதில் புது மார்க் எழுதலாம். பழைய மார்க்கை அழிக்க வேண்டாம்.

பிங்க் ஃப்ளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' மாதிரி ஒன்று வந்தால், அது 1975-இல் வந்த ஆல்பத்தின் தொடக்கத்தில் பாதியும் முடிவில் பாதியுமாகப் பிரிந்து இருக்கும், ஒன்பது பகுதிகள். இரண்டு வரியில் எழுதி இரண்டு மார்க் போடுங்கள். நடுவில் இருக்கும் மூன்று பாட்டையும் கேட்ட பிறகுதான் இரண்டாம் பாதிக்குப் போக வேண்டும்.

அடுத்த வாரப் பாட்டை யார் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வழக்கம், அன்றைக்கு மனசுக் கட்டத்தில் குறைந்த மார்க் போட்டவர்தான் தேர்ந்தெடுப்பார்.