நிதி கேட்கும் முன், கட்டடம் யாருடையது என்று பாருங்கள்

குமரி மாவட்டத்தில் பழைய கட்டடங்களைக் காக்க நிதி கேட்டு எழுதப்படும் மனுக்களில் பல, முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுகின்றன. கட்டடத்தின் உடைமையாளர் யார் என்று விசாரிக்காமலேயே எழுதியிருப்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. நாகர்கோவிலில் எத்தனை மனு கொடுத்தாலும் அங்கே ஓர் ஓடுகூட மாறாது. சிதறால் மலைக்கோவிலும் வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சுசீந்திரம் கோவில் அறநிலையத்துறையுடையது. வழிப்போக்கர் தங்கும் வழியம்பலமும் சுமைதாங்கியும் புறம்போக்கில் நிற்கலாம். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய நாலுகட்டு வீடோ பாகப்பிரிவினை முடியாமல் பத்துப் பேர் பெயரில் கிடக்கும். உடைமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத மனுவுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அந்த 100 மீட்டருக்குள் கழிப்பறையும் தகவல் மையமும் புதிதாகக் கட்டுவதாகத் திட்டம் எழுதி அனுப்பாதீர்கள். இத்தகைய சின்னங்களுக்கு நன்கொடை தர, 1996-இல் அமைக்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம் இருக்கிறது. ஊர்ச் சங்கத்தின் கணக்கில் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுமதிக்கு அலைவதைவிட அந்த வழி மேல்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வரலாற்றுக் கட்டடங்களின் சீரமைப்புக்கும் செலவிடலாம். ஆனால் பணத்தைப் பெற்றுப் பணியைச் செய்யும் அறக்கட்டளை முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய தம்பி அனுப்பினால் ஆகும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். இருவரின் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு தணிக்கையாளரிடம் ஓடுவதில் பயனில்லை.

மனுவோடு வரும் செலவு மதிப்பீட்டில்தான் எனக்குக் கோபம் வரும். சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு, கருங்கல் தூணைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சல், கூரையைத் தாங்கும் அயினிமரக் கழுக்கோலுக்குப் பதில் இரும்புக் குழாய்! சிமென்ட் சுவரின் ஈரத்தை வெளியேறவிடாது; கடற்காற்றில் சேர்ந்த உப்பு உள்ளேயே படிந்து, பூச்சை மட்டுமல்லாமல் பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும். இதற்குப் பணம் கேட்பது இடிப்பதற்குப் பணம் கேட்பதுதான். மரபுக் கட்டடங்களில் பழகிய பொறியாளரைக் கொண்டு சேதத்தை வரைபடமாக்கி, பிறகு தொகையைப் போடுங்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த ஆய்வுச் செலவையும் மனுவிலேயே கேட்கலாம்.

காலத்தையும் கணக்கில் கொள்ளாமல் எழுதுகிறார்கள். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கூரையைப் பிரிக்கவும் சுண்ணாம்புப் பூச்சு பக்குவமாகவும் தோதான மாதங்கள் ஜனவரி முதல் மே வரை. நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. டிசம்பரில் முதல் தவணை வாங்கி மார்ச்சுக்குள், பணத்தை உரிய பணிக்கே செலவிட்டதாகக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தருவதாக ஒப்புக்கொண்டால், பூச்சு காய்வதற்குள் ரசீது எழுத நேரும். இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்துக் கேளுங்கள். ஒப்புதல் ஆணை கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கவும் வேண்டாம். முன்பே செய்த செலவைப் பல நிதியங்கள் ஏற்பதில்லை. மழையில் கூரை சரியும் நிலை என்றால் முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடி, அதையும் தேதியோடு படம் எடுத்து மனுவுடன் இணையுங்கள்.