அங்கோர் வாட்: வலம் வராதீர்கள், இடம் வாருங்கள்

அங்கோர் வாட் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, அங்கே ஒரே ஒரு கோயில்தான் இருக்கிறது என்று எண்ணி ஒரே ஒரு நாளை ஒதுக்குவது. கம்போடியாவின் சியம் ரீப் நகரை ஒட்டி சுமார் 400 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது அங்கோர் தொல்லியல் வளாகம். அங்கோர் வாட் அதிலுள்ள கோயில்களில் ஒன்று. கோபுரமெல்லாம் கல் முகங்களாக நிற்கும் பாயோன், மரவேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் தா ப்ரோம் என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். அந்த மூன்று நாளும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அவ்வளவு தூரம் செலவழித்துப் போய்விட்டு இந்த 25 டாலரில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது, சூரிய உதயம். விடியுமுன்பே எல்லோரும் குளக்கரையில் கேமராவோடு இடம் பிடிக்கிறார்கள். சூரியன் மேலே வந்ததும் காலைச் சாப்பாட்டுக்காக விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். சரி, உதயத்தைப் பாருங்கள். ஆனால் திரும்பாதீர்கள், அப்படியே உள்ளே போய்விடுங்கள். இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. காலையில் முகப்பு நிழலில்தான் இருக்கும், வெயில் அதன்மேல் விழுவது பிற்பகலில்தான். காலை வெளிச்சம் கிழக்குப் பிராகாரத்துக்குச் சொந்தம். பார்க்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே எப்படிப் போவது என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். கோயில் என்றதும் கால் தானாக இடப்பக்கம் திரும்பி வலம் வரத் தொடங்குகிறது. அங்கோர் வாட்டின் புடைப்புச் சிற்பங்களோ அப்பிரதட்சிணமாகப் பார்ப்பதற்காகச் செதுக்கப்பட்டவை. மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரம்: கௌரவர் படை இடமிருந்தும் பாண்டவர் படை வலமிருந்தும் வந்து நடுவில் மோதுகின்றன. அம்புகள் தைத்த உடலோடு பீஷ்மர் கிடக்கிறார். தெற்குப் பக்கம் கோயிலைக் கட்டிய மன்னனின் ஊர்வலம், பிறகு சொர்க்கமும் நரகமும்.

கிழக்கே திரும்பியதும் பாற்கடல். 49 மீட்டர் நீளச் சுவரில் 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நீங்கள் நடக்கும் திசையில் முதலில் வருவது பாம்பின் தலை. வரிசையாக அசுரர் கைகள், நடுவில் ஆமையின் மேல் மத்து, திருமால், அப்புறம் தேவர்கள், கடைசியில் வால். மத்துக்கு அருகே குனிந்து பாருங்கள். கடல் கலங்கிய வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். கதை தெரிந்த நமக்கு அந்தச் சுவர் அட்சரம் அட்சரமாகப் புரியும். கை மட்டும் வைக்காதீர்கள். தொட்டுத் தொட்டே கல் பல இடங்களில் பளபளத்துப் போய்விட்டது.

‘சோழர் கட்டிய கோயில்’ என்று வாட்ஸ்அப்பில் படித்ததை அங்கே போய்ச் சொல்வதும் தவறுதான். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கம்போடியாவின் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில் அது. அவர்களுடைய பெருமையை அவர்களிடமே விடுவோம். நமக்கு உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது: இன்றைய கெமர் எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. அங்கே கடைப் பலகைகளைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷ்ணு கோயிலாக எழுந்தாலும் அங்கோர் வாட் இன்று பௌத்தர்கள் வழிபடும் இடம் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாச் சட்டை போட்டு மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் உச்சி அடுக்குக்கு விட மாட்டார்கள். பௌத்த விரத நாட்களில் அந்த அடுக்கையே மூடிவிடுவார்கள். அவை எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கிழிந்த, கறை பட்ட டாலர் நோட்டுகளைக் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. ஏப்ரல் மாத வெயிலில் பகல் முழுக்க நடக்க முடியாது, நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

பாந்தியாய் ஸ்ரேயைத் தூரம் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 967இல் எழுந்த சிறிய சிவன் கோயில், வளாகத்தின் மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்செதுக்கு போல நுணுக்கமான வேலை. கிழக்கு பார்த்தது என்பதால் காலையிலேயே துக்துக் வண்டி பிடித்துப் போங்கள். மூன்று நாள் சீட்டில் ஒரு காலையை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.