ஒரே டம்ளர், பத்துப் படம்

‘அன்றாடப் பொருட்கள்’ என்று புகைப்பட புராஜெக்ட் கொடுத்தால், மாணவர்கள் முதலில் வீட்டிலுள்ள நாற்பது பொருளையும் சுட்டுத் தள்ளுவார்கள். வேண்டாம். ஒரே பொருள் போதும், ஓர் எவர்சில்வர் டம்ளர்கூட.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளை சார்ட்டை நிறுத்துங்கள், நிழல் இளகிவிடும். பெரும்பாலான போன்களில் திரையில் டம்ளரின் விளிம்பை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பிறகு திரையிலேயே படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், பளபளப்பு வெளுத்துப்போகாது. டம்ளரில் உங்கள் முகம் தெரிகிறதா? சற்றே நகருங்கள். (அதையே படமாக்கினாலும் தப்பில்லை.)

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. புனலின் உட்புறம் வெளிச்சத்தை மிளகாயின் மேல் திருப்பிவிட்டது. சரி, நம் வீட்டில் அவ்வளவு பெரிய புனல் ஏது? குழிவான அலுமினியச் சட்டியில் ஒரு கத்தரிக்காயை வைத்துப் பாருங்கள்.

அப்புறம், எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். பல படங்கள் மங்குவது விரல் எண்ணெயால்தான்.